வளர்ச்சிப் பயிற்றுநரோடு பணியாற்றுவது எப்படி: நேரிலும் தொலைவிலும், ஒரு முழுமையான வழிகாட்டி

நம்மூரில் ‘கோச்சிங்’ என்றதும் நீட் தேர்வு வகுப்போ டி.என்.பி.எஸ்.சி. மையமோதான் நினைவுக்கு வரும். அங்கே ஆசிரியர் பாடம் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார். தனிமனித வளர்ச்சிக்கான பயிற்றுநர், அதாவது பலரும் லைஃப் கோச் என்று அழைப்பவர், செய்யும் வேலை ஏறக்குறைய இதற்கு நேரெதிரானது. அவர் கேள்வி கேட்கிறார், நீங்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்கிறார், நீங்கள் செய்வதாக ஒப்புக்கொண்டதை அடுத்த சந்திப்பில் மறக்காமல் விசாரிக்கிறார். இந்த வேறுபாடு தெரியாமல் போய் அமர்பவர்கள், ‘இவர் ஒன்றுமே சொல்லித் தரவில்லையே’ என்று இரண்டாவது அமர்விலேயே சலித்துப்போகிறார்கள். நானும் அப்படிச் சலித்தவன்தான்.

கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பணியாற்றும் நான், பெங்களூருவில் இருந்த ஒரு பயிற்றுநரோடு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகள் பணியாற்றினேன். முதல் இரண்டு அமர்வுகள் நேரில் நடந்தன. மீதிப் பத்தும் காணொளியிலும் தொலைபேசியிலும் நடந்தன. அதற்கு முன்பு வேறொருவரிடம் சேர்ந்து பணத்தையும் நான்கு மாதங்களையும் இழந்திருந்தேன். இந்த இரண்டு அனுபவங்களோடு, இத்துறை எப்படி இயங்குகிறது என்று பின்னர் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: அமர்வு ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்கும் அடுத்த அமர்வுக்கும் இடையில் கிடக்கும் பதின்மூன்று நாட்களில்தான் வேலை நடக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த நாட்களுக்கான ஏற்பாடுகளே.

முதல் படி: உங்களுக்கு வேண்டியவர் பயிற்றுநர்தானா என்று பாருங்கள்

இந்தியாவில் யாரும் நாளைக் காலையே லைஃப் கோச் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம். அதற்கு உரிமம் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. மனநல மருத்துவர் அப்படி அல்லர். அவர் மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்த வேறுபாடு வெறும் காகித விவகாரம் அன்று. வாரக்கணக்கில் தூக்கம் பிடிக்காமல் போவது, பிடித்த எதிலும் நாட்டமற்றுப் போவது, காரணம் புரியாத அழுகை, குடிப்பழக்கத்தின் மீது கட்டுப்பாடு இழப்பது, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பயிற்றுநரிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வாழ்க்கை ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஓரிடத்தில் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்கிறது என்ற நிலைதான் பயிற்றுநருக்கு உரிய நிலை. பதவி உயர்ந்த பிறகும் பழைய வேலையையே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது, முடிவெடுக்க வேண்டிய இடத்தில் ஆறு மாதம் தள்ளிப்போடுவது, வேலையை விட்டுத் தொழில் தொடங்குவதா என்று மூன்று ஆண்டுகளாக யோசித்துக்கொண்டே இருப்பது போன்றவற்றைச் சொல்லலாம். உங்களுக்கு வேண்டியது குறிப்பிட்ட தொழிலறிவு என்றால், அதே பாதையில் நடந்து முடித்த மூத்தவர் ஒருவரிடம் இரண்டு மணி நேரம் பேசுவது மேல். அதற்குப் பணமும் செலவாகாது.

இரண்டாம் படி: ஒரு வாக்கியம் எழுதுங்கள்

யாரையும் அழைப்பதற்கு முன்பு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, எதற்காகப் போகிறீர்கள் என்பதை அதன் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நான் எழுதியது, ‘தன்னம்பிக்கை வளர வேண்டும்’ என்ற மூன்று சொற்கள். முதல் சந்திப்பில் பயிற்றுநர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: “சரி, தன்னம்பிக்கை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எதை வேறு மாதிரி செய்வீர்கள்?” நான் ஜன்னலைப் பார்த்தேன், தண்ணீர் குடித்தேன், பாட்டிலை மூடினேன். அவர் குறுக்கிடவே இல்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து நான் சொன்னது இது: “மேலாளர் இன்னொரு வேலையைக் கொடுத்தால் உடனே ‘சரி சார்’ என்று சொல்ல மாட்டேன். எந்தத் தேதிக்கு வேண்டும் என்று கேட்பேன்.” அதன் பிறகு பன்னிரண்டு அமர்வுகளும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே நடந்தன.

ஆகவே நீங்கள் எழுதும் வாக்கியத்தில் ஒரு நாள், ஓர் இடம், ஒரு மனிதர், ஒரு செயல் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். மகிழ்ச்சி, அமைதி, வெற்றி போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் இன்னும் நீங்கள் கேள்விக்குள் இறங்கவில்லை என்று பொருள். எவ்வளவு முயன்றும் அப்படி எழுத வரவில்லையென்றால் கவலைப்பட வேண்டாம். நல்ல பயிற்றுநர் முதல் அமர்வு முழுவதையும் அதற்கே ஒதுக்குவார். ஆனால் முயன்று பார்த்து முடியாமல் போவது வேறு, முயலாமலே போவது வேறு.

மூன்றாம் படி: ஆளைத் தேடுதலும் தகுதியைச் சரிபார்த்தலும்

பயிற்றுநரோடு பணியாற்றி முடித்த நண்பர் யாராவது இருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். ‘நல்லவரா’ என்று கேட்காமல், ‘அவரிடம் போன பிறகு என்ன செய்தாய்?’ என்று கேளுங்கள். நண்பர் ஒரு செயலைச் சொன்னால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பேசினாலே தெம்பாக இருக்கும்’ என்பதோடு நிறுத்தினால் இன்னொரு பெயரும் தேடுங்கள்.

சட்டப்படி உரிமம் இல்லாத துறையில் ஓரளவு கைகொடுப்பது தொழில் அமைப்புகளின் தகுதிச் சான்று. அவற்றில் உலக அளவில் பரவலாக அறியப்பட்டது 1995-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.சி.எஃப். அது மூன்று நிலைகளில் சான்று தருகிறது. ஏ.சி.சி. என்ற முதல் நிலைக்குக் குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், வாடிக்கையாளர்களோடு 100 மணி நேர அனுபவமும் வேண்டும். பி.சி.சி. என்ற இரண்டாம் நிலைக்கு அது 125 மணி நேரமும் 500 மணி நேரமும் ஆகிறது. எம்.சி.சி. என்ற மூன்றாம் நிலைக்கு 200 மணி நேரப் பயிற்சியும் 2,500 மணி நேர அனுபவமும் வேண்டும். சான்றை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒருவரிடம் நடப்பில் உள்ள சான்று இருக்கிறதா என்பதைக் கூட்டமைப்பின் இணையதளத்தில் பெயரைத் தேடியே சரிபார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்குக் கிடைக்கும் சான்றிதழும் மேலே சொன்ன தகுதிச் சான்றும் ஒன்றல்ல, ஆனால் சுவரில் மாட்டினால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். “எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள், எத்தனை பேரோடு பணியாற்றியிருக்கிறீர்கள், இப்போது உங்கள் வேலையை யாராவது மேற்பார்வை செய்கிறார்களா?” என்று கேட்டால் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். என்னைப் பொறுத்தவரை கடைசிக் கேள்விதான் முக்கியம். தன் வேலையை இன்னொருவரிடம் காட்டித் திருத்திக்கொள்பவர், உங்களிடமும் தவறை ஒப்புக்கொள்வார். அதே வேளையில், சான்று எதுவும் இல்லாத திறமைசாலிகளும் இருக்கிறார்கள், சான்று இருந்தும் உங்களுக்குப் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். சான்று கதவு வரைதான் கொண்டுவிடும்.

நான்காம் படி: அறிமுக உரையாடல்

பெரும்பாலான பயிற்றுநர்கள் இருபது முப்பது நிமிட அறிமுக உரையாடலுக்குக் கட்டணம் கேட்பதில்லை. இரண்டு மூன்று பேரிடமாவது பேசிப் பாருங்கள். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல் என்று எண்ணி ஒடுங்க வேண்டியதில்லை. உங்கள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உடனே தீர்வு சொல்கிறாரா, தன் வாழ்க்கைக் கதையைத் தொடங்குகிறாரா, அல்லது நீங்களே யோசிக்காத ஒன்றைக் கேட்கிறாரா? உரையாடல் முடிந்ததும் யார் அதிக நேரம் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் முதல் பயிற்றுநரோடு நடந்த அறிமுக உரையாடலில் நான் மொத்தம் ஐந்து நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். அவர் பேச்சில் மயங்கிப் பணம் கட்டினேன்.

மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். முதலாவது, ‘என் போன்ற சிக்கலோடு வந்த ஒருவருக்கு உங்களால் உதவ முடியாமல் போனதுண்டா, ஏன்?’ என்பது. இதற்கு நேர்மையாகப் பதில் சொல்பவர், பெயரையோ அடையாளத்தையோ சொல்லாமல் சொல்வார். மற்ற வாடிக்கையாளரின் கதையை அவர் யாரென்று தெரியும்படி சொன்னால், நாளை உங்கள் கதையும் அப்படியே போகும். இரண்டாவது, ‘எப்போது நீங்கள் ஒருவரை உளவியலாளரிடம் அனுப்புவீர்கள்?’ என்பது. இதற்குத் தெளிவான பதில் இல்லாதவரைத் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது, எந்த மொழியில் பேசப்போகிறோம் என்பது.

மொழி சிறிய விஷயமாகத் தோன்றும். அலுவலகச் சிக்கலை ஆங்கிலத்தில் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. சொற்களே அந்த மொழியில்தான் இருக்கின்றன. ஆனால் ஐந்தாவது அமர்வில் பேச்சு அப்பாவைப் பற்றித் திரும்பியபோது நான் ‘மனத்தாங்கல்’ என்று சொன்னேன். அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லியிருந்தால் கோபம் என்றோ வருத்தம் என்றோ சொல்லியிருப்பேன். இரண்டும் அது அன்று. உறவை முறித்துக்கொள்ளாமலே உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கசப்புக்குத் தமிழில்தான் பெயர் இருக்கிறது. பயிற்றுநருக்குத் தமிழ் தெரிந்திருந்ததால் பேச்சு நின்றுபோகாமல் தொடர்ந்தது. டொராண்டோவிலோ சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் தமிழர்கள் சென்னையில் இருக்கும் பயிற்றுநரைத் தொலைவழியில் நாடுவதற்கு இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் படி: எழுத்தில் ஓர் ஒப்பந்தம்

எத்தனை அமர்வுகள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன்பு சொன்னால் அமர்வைத் தள்ளிவைக்கலாம், இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா, இரு அமர்வுகளுக்கு இடையில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமா, அமர்வு பதிவு செய்யப்படுமா ஆகிய அனைத்தும் ஒரு பக்கத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். மின்னஞ்சலே போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. கட்டணம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்று கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் சேவையாளர் பதிவு செய்து 18 சதவீதம் வசூலிக்க வேண்டும் என்பதால், பில் வரும்போது தொகை கணிசமாகக் கூடலாம்.

ஆறு மாதத் தொகையை மொத்தமாக முன்பணமாகக் கட்டாதீர்கள். ‘இன்று இரவுக்குள் கட்டினால் பாதி விலை’ என்ற பேச்சுக்கு நான் இணங்கியதால்தான், மூன்றாவது அமர்விலேயே பொருந்தவில்லை என்று தெரிந்தும் நான்கு மாதம் வெளியே வர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முதலில் மூன்று அமர்வுகளுக்கு மட்டும் கட்டுவதாகச் சொல்லுங்கள். ஒப்புக்கொண்ட சேவை கிடைக்காமல் போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய கட்டணச் சேவைகளுக்கும் பொருந்தும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே முறையிடும்போதும் கையில் இருக்க வேண்டியது அந்த ஒரு பக்க எழுத்துதான்.

உங்கள் நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால் கூடுதலாக ஒரு கேள்வி எழுகிறது: பயிற்றுநர் உங்கள் மேலாளரிடம் எதைச் சொல்வார்? அமர்வுகளுக்கு வந்தீர்களா, பொதுவான இலக்கு என்ன என்பது வரை சொல்வது வழக்கம். பேசிய உள்ளடக்கம் வெளியே போகக் கூடாது. இதை நீங்கள், பயிற்றுநர், நிறுவனத்தின் சார்பில் ஒருவர் ஆகிய மூவரும் ஒன்றாக அமர்ந்து தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: நேரிலா, தொலைவிலா

இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடையாது. முகம் பார்த்துப் பேசினால்தான் மனம் திறப்பவர்கள் உண்டு. முகம் பார்த்தால் வாய் மூடிக்கொள்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில், முதல் இரண்டு அமர்வுகளாவது நேரில் நடந்தால் பின்னால் திரை வழியாகப் பேசும்போது அந்த மனிதரின் மௌனம் எப்படிப்பட்டது என்று நமக்குப் பிடிபட்டிருக்கும். திரையில் நான்கு நொடி அமைதி வந்தால் இணைப்பு போய்விட்டதோ என்று பதறுவோம். நேரில் பழகியவர் என்றால் அவர் காத்திருக்கிறார் என்று தெரியும்.

நேரில் சந்திப்பதாக இருந்தால் காபிக் கடை வேண்டாம். அங்கே மிக்ஸி ஓடும், பக்கத்து மேசையில் தெரிந்தவர் வந்து உட்காருவார், நீங்களும் குரலைத் தாழ்த்திப் பாதி சொல்வீர்கள். கதவு மூடும் அறை வேண்டும். முன்பின் அறியாதவரை முதல் முறை சந்திக்கும்போது, ஆட்கள் நடமாடும் அலுவலகக் கட்டடமாகப் பார்த்துக்கொண்டு, எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அமர்வு முடிந்ததும் அவசரமாக அடுத்த வேலைக்கு ஓடாமல் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். பெங்களூருவிலிருந்து கோவைக்குத் திரும்பிய ரயிலில்தான் நான் நோட்டில் அதிகம் எழுதினேன்.

தொலைவில் பேசுவதற்கு இணைய வேகத்தைவிடத் தனிமைதான் பெரிய தடை. என் மூன்றாவது அமர்வு வீட்டில், படுக்கையறையில் நடந்தது. நான் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது அம்மா காபியோடு கதவைத் திறந்து, “யாரு கண்ணா, ஆபீசா?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். அவர் போன பிறகு அந்த வாக்கியம் திரும்பி வரவே இல்லை. அடுத்த அமர்விலிருந்து, அடுக்ககத்தின் வாகன நிறுத்தத்தில் என் காருக்குள் உட்கார்ந்து பேசினேன். கைப்பேசியை ஸ்டியரிங் மீது சாய்த்து வைத்து, காதில் இயர்போன் மாட்டி, நோட்டை மடியில் வைத்துக்கொள்வேன். வெயில் நாட்களில் வியர்த்துக் கொட்டியது உண்மைதான். ஆனாலும் அந்த வீட்டில் எனக்கென்று கதவு மூடக்கூடிய ஒரே அறை அதுதான். உங்களுக்கு அது மொட்டை மாடியாக இருக்கலாம், மதிய இடைவேளையில் காலியாக இருக்கும் அலுவலகக் கூட்ட அறையாக இருக்கலாம். எதுவாயினும் அமர்வுக்கு முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூம் செயலியின் கட்டணமில்லாக் கணக்கில் சந்திப்பு 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். சரியாக மனம் திறக்கும் நேரத்தில் அது நடக்கும் என்பதால், யாருடைய கணக்கில் பேசுகிறோம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திரையில் உங்கள் முகமே உங்களுக்குத் தெரிவதை மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் தலைமுடியைச் சரிசெய்வதிலேயே பாதிக் கவனம் போய்விடும். மற்ற செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். மின்சாரமோ இணைப்போ போனால் யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். வெறும் குரல் வழியில் பேசுவதைக் குறைவாக எண்ண வேண்டாம். என் மிகக் கடினமான அமர்வு, படமே இல்லாமல், நான் நடந்துகொண்டே பேசிய அமர்வுதான்.

வேறு நாட்டில் இருப்பவரோடு பேசினால் கடிகாரத்தைக் கவனியுங்கள். இந்தியாவில் மாலை 7 மணி என்றால் டொராண்டோவில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் காலை 8.30. அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். அந்த வாரங்களில் அமர்வு தவறிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இன்னொன்றும் உண்டு: இரவு பதினொரு மணிக்கு மேல் அமர்வு வைத்துக்கொள்ளாதீர்கள். அந்நேரத்தில் எடுக்கும் முடிவுகள் காலையில் நிற்பதில்லை.

ஏழாம் படி: அமர்வுக்குள் என்ன நடக்கிறது

பல பயிற்றுநர்கள் ஏதோ ஒரு சட்டகத்தை வைத்துப் பேச்சை நடத்துவார்கள். அவற்றில் பெயர்பெற்றது 1980-களில் பிரிட்டனில் உருவாகி, முன்னாள் கார்ப் பந்தய வீரர் ஜான் விட்மோர் மூலம் பரவிய ‘குரோ’ முறை. அதில் இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, இவற்றில் எதைச் செய்யப்போகிறாய் என்ற நான்கு கேள்விகளும் வரிசையாக வரும். இதைத் தெரிந்து வைத்திருப்பதால் ஒரு நன்மை உண்டு: பேச்சு சுற்றிக்கொண்டே இருந்தால், ‘நாம் இன்னும் நடப்பு நிலையிலேயே நிற்கிறோம், வழிகளுக்குப் போகலாமா’ என்று நீங்களே சொல்லலாம். பயிற்றுநர் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

அமர்வின் தொடக்கத்தில், இன்று முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லுங்கள். கேள்வி சங்கடமாக இருந்தால் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். பயிற்றுநர் சொன்னது தவறு என்று பட்டால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். நாம் ஆசிரியர் முன் எழுந்து நின்று வளர்ந்தவர்கள் என்பதால் இது எளிதில் வராது. ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது சார், நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதற்காக அன்று வருந்தினேன், இன்று நன்றியோடு இருக்கிறேன்.

எட்டாம் படி: இடைப்பட்ட பதின்மூன்று நாட்கள்

அமர்வு முடிந்த பத்து நிமிடத்துக்குள் நோட்டில் இரண்டு வரிகள் எழுதுங்கள்: எதைக் கண்டேன், எதைச் செய்யப்போகிறேன். இரண்டாவது வரியை ‘இப்படி நடந்தால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து வந்த முறை இது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறுமனே இலக்கு வைத்துக்கொள்பவர்களைவிட இப்படித் திட்டமிடுபவர்கள் கணிசமாக அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று தெரியவந்தது. காரணம் எளிது. தருணம் வரும்போது யோசிக்க நேரம் இருப்பதில்லை. யோசனையை முன்பே முடித்து வைத்திருந்தால் வாய் தானாக அதைச் சொல்லும்.

என் நோட்டில் இருந்த வரி இது: ‘மேலாளர் புதிய வேலை சொன்னால், கையில் இருக்கும் மூன்றில் எதைத் தள்ளிவைக்கலாம் என்று கேட்பேன்.’ அதற்குக் கீழே அந்த வாரத்துப் பதிவுகள் இருக்கின்றன. செவ்வாய்: ‘கேட்கவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டேன். சட்டைப் பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன், பேனா கையிலேயே இருந்தது.’ புதன்: ‘அவர் ஊரில் இல்லை.’ வெள்ளி: ‘கேட்டேன். குரல் கம்மியது. அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, அந்த ரிப்போர்ட்டை அடுத்த வாரம் பாருங்க என்றார். அவ்வளவுதான்.’ இரண்டு ஆண்டுகளாக நான் அஞ்சிய உரையாடல் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஆனால் அடுத்த அமர்வில் நாங்கள் அதிகம் பேசியது வெள்ளிக்கிழமையைப் பற்றி அல்ல, செவ்வாய்க்கிழமையைப் பற்றி. தவறிய நாளின் பதிவில்தான் பேனா இருந்தது, கை இருந்தது, பயம் உடம்பில் எங்கே வருகிறது என்பது இருந்தது. ஆகவே தவறியதை மறைக்காமல் எழுதுங்கள். ‘செய்யவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று சொல்லும் பயிற்றுநர்களை நம்பி மனம் உடைய வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய கேடு எதுவும் செய்யவில்லை. அதனால் ஒரே நேரத்தில் ஐந்து மாற்றங்களைக் கையில் எடுக்காதீர்கள். ஒன்று போதும்.

ஒன்பதாம் படி: நடுவில் நின்று பார்த்தல்

நான்காவது அல்லது ஐந்தாவது அமர்வில், பாதி நேரத்தை உங்கள் இருவருக்கும் இடையிலான வேலையைப் பற்றியே பேச ஒதுக்குங்கள். நோட்டின் முதல் பக்கத்து வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நான் செய்வதில் எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் ஒருவர் அந்த மாற்றத்தைக் கவனித்திருந்தால் அது உண்மையான மாற்றம். எதுவும் மாறவில்லையென்றால், நோட்டு வெறுமையாக இருக்கிறதா, அல்லது நிறைய முயன்றும் பலனில்லையா என்று பிரித்துப் பாருங்கள். நோட்டு வெறுமையாக இருந்தால் ஆளை மாற்றிப் பயனில்லை. முயன்றும் பலனில்லையென்றால் தயங்காமல் மாற்றுங்கள். ‘இதுவரை செய்ததற்கு நன்றி, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் போதும்.

சில அறிகுறிகளைக் கண்டால் பரிசீலனைக்கும் காத்திருக்க வேண்டாம். வேலையை விடு, மணவாழ்க்கையை முறி என்று அவரே முடிவு சொல்வது, வீட்டாரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும் விலகச் சொல்வது, மருந்தை நிறுத்தச் சொல்வது, உங்களையே பயிற்றுநராக்குகிறேன் என்று இன்னொரு விலை உயர்ந்த வகுப்பில் சேரத் தள்ளுவது, கடன் வாங்கியாவது கட்டு என்பது, உடலளவில் நெருங்குவது ஆகிய ஒவ்வொன்றும் அன்றே வெளியேறுவதற்கான காரணம். விளக்கம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பத்தாம் படி: முடித்துக்கொள்ளுதல்

நல்ல பயிற்றுநர் தான் தேவைப்படாமல் போகும் நாளை நோக்கியே வேலை செய்வார். கடைசி மூன்று அமர்வுகளின் இடைவெளியை இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரமாக நீட்டிப் பாருங்கள். அவர் கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அந்த இடைவெளியில்தான் வரும். கடைசி அமர்வுக்கு நோட்டை முழுதாகப் படித்துவிட்டுப் போய், உங்களை அதிகம் அசைத்த கேள்விகள் ஐந்தைப் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குறிப்புகளும் பதிவுகளும் அவரிடம் இருந்தால், அவற்றை என்ன செய்வார் என்று கேட்டு, தேவையென்றால் அழித்துவிடச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அரை மணி நேரச் சந்திப்பு ஒன்றுக்குத் தேதி குறித்துவிட்டு விடைபெறுங்கள்.

நான் அப்படிக் குறித்த தேதியில், மீண்டும் அந்தக் காருக்குள் உட்கார்ந்து அவரை அழைத்தேன். பேச ஒன்றும் பெரிதாக இல்லை; பதினைந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். மீதி நேரத்தில் மாடிக்குப் போய், அம்மா போட்டு வைத்திருந்த காபியை ஆறுவதற்குள் குடித்தேன்.